படலைக்கு வெளியே ஊட்டிய மீன்

என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, கிளினிக்கில் கொடுத்த வளர்ச்சி அட்டையில் அவளுடைய நிறைக் கோடு பச்சைப் பகுதியிலிருந்து செம்மஞ்சளுக்குள் இறங்கியது. இரண்டு வயதில் அதே கோடு நிமிரத் தொடங்கியது. இரண்டரை வயதில் பச்சைக்குள் திரும்பி வந்தது. நான் பத்திரிகையில் வேலை செய்பவன். ஒரு கோடு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று கேட்பது என் தொழில். இறங்கியபோது கேட்டேன். ஏறியபோது கேட்கவில்லை. உழுத்தங்களியும் பயறும் நெய்யும் தம் வேலையைச் செய்கின்றன என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

நாங்கள் இணுவிலில் இருக்கிறோம். ஒரே வளவில் இரண்டு வீடுகள். முன்வீட்டில் அண்ணை குடும்பம், பின்வீட்டில் நாங்கள். கிணறு பொது. இரண்டு வீட்டிலும் மச்சம் சமைப்பதில்லை. மீன், இறைச்சி மட்டுமல்ல, முட்டைகூட உள்ளே வருவதில்லை. அண்ணை கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் செய்பவர். அவர் இதை ஒரு விதி என்று சொல்வதில்லை. அவரைப் பொறுத்தவரை அது வீட்டுக்குக் கூரை இருப்பதைப் போன்ற ஒன்று.

மனைவி தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பின்னேரம் மூன்றரைக்குத்தான் வருவாள். நான் ஒன்பதரைக்குக் கிளம்பினால் பக்கங்களை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். மகளுக்கு ஆறு மாதம் ஆனதிலிருந்து இடைப்பட்ட நேரம் முழுவதும் அவள் ஒருவருடைய கையில் இருந்தாள். நாங்கள் அவரை அக்கா என்போம். மகள் பெரியம்மா என்பாள்.

அக்காவின் ஊர் மயிலிட்டி. இடம்பெயர்ந்து இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த முகாமில் வாழ்ந்தவர். அங்கேயே தறப்பாள் கூடாரத்தின் கீழே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். எங்களுக்கு அவரைத் தெரிந்தது அந்தக் காலத்தில். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்ட முதல் கிழமையே ஊருக்குப் போய்ப் பற்றையை வெட்டிக் குடியேறினார். அங்கிருந்து காங்கேசன்துறை வீதியால் வரும் முதல் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு நாளும் பிந்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் வேலைக்கு வந்த முதல் நாள் மனைவி சொன்னாள்:

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. வீட்டுக்கை மச்சம் கொண்டு வரேலாது."

"எனக்குத் தெரியாதோ, தங்கச்சி? ஆனால் மீன் இல்லாத சோறு எனக்கு இறங்காது. நான் வெளியிலை போய்ச் சாப்பிட்டிட்டு வருவன்."

அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அக்கா தன் சாப்பாட்டை ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுத் துணிப்பைக்குள் வைத்துக் கொண்டு வருவார். பையை வாசல் படலைக்கு வெளியே, வேலிக் கதியால் தடியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடிவிலிருக்கும் வாழைத்தோட்டத்துக்குப் போவார். அங்கே தண்ணீர் இறைக்கும் மோட்டருக்கு ஒரு கொட்டில் இருக்கிறது. அதற்குள் இருந்து சாப்பிடுவார். நாங்கள் எல்லோரும் இதை அறிவோம். அவர் எங்கள் வழக்கத்தை மதித்து நடக்கிறார் என்று அண்ணை பலரிடம் புகழ்ந்தும் இருக்கிறார்.

அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் பிள்ளை எங்கே என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மகளுக்கு மூன்றரை வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அக்காவுக்கு அன்று ஓய்வு. அண்ணைக்கு மகள்மேல் கொள்ளை ஆசை. தன் பிள்ளைகள் கொழும்புக்குப் போன பிறகு இவளைப் பக்கத்தில் இருத்தித் தன் கையால் ஊட்டுவதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. கத்தரிக்காயைப் பொரித்து வைத்த குழம்பைச் சோற்றோடு பிசைந்து ஒரு கவளம் நீட்டினார். மகள் வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"பெரியப்பா, முள்ளுப் பாத்தனீங்களோ?"

"என்ன முள்ளு, ராசாத்தி?"

"முள்ளு தொண்டேக்கை குத்தும். விரலாலை நசிச்சுப் பாக்கோணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. அண்ணையின் கையிலிருந்த கவளத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மூன்று இடத்தில் நசித்துக் காட்டினாள். பழகிய கையின் வேலை அது. அண்ணை கவளத்தைச் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அண்ணி குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுப் பிள்ளைக்கு முள்ளு எப்பிடித் தெரியும்?" என்று அண்ணை கேட்டார். குரலை உயர்த்தவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்தப் பின்னேரம் முழுவதும் நானும் மனைவியும் முன்பு கண்டும் கவனிக்காமல் விட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். வேலை முடிந்து வரும்போது பிள்ளையின் கையிலும் வாயிலும் எப்போதும் தேசிக்காய் வாசம்; மீன் மணம் போகத் தேய்த்திருக்கவேண்டும். அக்கா துப்புரவானவர் என்று மனைவி பாடசாலையில்கூடச் சொல்லியிருக்கிறாள். சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனால் மீன் கடைப் பக்கம் மூக்கைச் சுளிக்காத ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் மகள்தான். கோயிலில் உச்சிக்காலப் பூசை மணி கேட்டதும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வாள். கோயிலுக்குப் போகக் கேட்கிறாள் என்று அண்ணை பெருமைப்பட்டிருந்தார்.

திங்கட்கிழமை மனைவி பாடசாலைக்குப் போகவில்லை. அக்கா வழமைபோல் வந்தார். பையைக் கதியாலில் மாட்டிவிட்டு உள்ளே வந்து, எங்கள் இருவரையும் கண்டு நின்றார்.

"பிள்ளைக்கு மீன் குடுத்தனீங்களோ, அக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம், குடுத்தனான்."

எவ்வளவு நாளாக என்று நான் கேட்டேன்.

"போன வருசத்துக்கு முந்தின வருசம், சோளகக் காத்துத் துவங்கேக்கை."

"எங்கை வைச்சு?"

"மோட்டர்க் கொட்டிலுக்கை. உங்கடை படலைக்கு உள்ளை ஒரு நாளும் கொண்டு வரேல்லை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"செவ்வாய், வெள்ளி இல்லை. கந்தசட்டி ஆறு நாளும் இல்லை. கோயிலிலை கொடி ஏறினால் இறங்குமட்டும் இல்லை."

"என்ன மீன்?"

"விளைமீன். முள்ளுப் பெரிசு, எடுக்கச் சுகம்." அக்கா என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, பேப்பரிலை போடப் போறியளோ?"

அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. மனைவிதான் கேட்டாள்.

"எங்களிட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் வேண்டாம் எண்டிருப்பியள்."

"ஓம். எண்டிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

பிறகு அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். வீட்டுக்குள் சாப்பிடக் கூடாது. பிள்ளையைத் தனியே விட்டுவிட்டும் போக முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் கொட்டிலுக்குப் போயிருக்கிறார். ஒரு வருடமாகப் பிள்ளை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. அதன் பிறகு, எங்கள் வீட்டில் எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிய பிள்ளை, ஒரு நாள் அங்கே அவருடைய கையைப் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டு போயிருக்கிறது.

"சொல்லாமல் குடுத்தது பிழை. அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. குடுத்ததைப் பிழை எண்டு நான் சொல்லமாட்டன். வாயைத் திறந்து கொண்டிருக்கிற பிள்ளைக்கு முன்னாலை நான் மட்டும் திண்டு கொண்டிருக்கேலாது."

மனைவி அழவில்லை. அவள் கோபம் சைவத்தைப் பற்றியதல்ல என்று பிறகு எனக்கு விளங்கியது. தன் பிள்ளையின் வாய்க்குள் என்ன போகிறது என்று இரண்டு வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறாள். இனிமேல் வரவேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். நான் தடுக்கவில்லை. அக்கா தலையாட்டினார். போகும்போது பிள்ளையின் உடுப்புகள் கொடியில் காய்கின்றன, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் அப்போது எழும்பியிருக்கவில்லை.

அண்ணை இரண்டு நாளில் உரும்பிராயிலிருந்து ஒரு பெண்ணை ஒழுங்கு செய்தார். சுத்த சைவம், பொறுமையானவர், தானும் தன் வேலையுமாக இருப்பவர். அவரைப் பற்றி எந்தக் குறையும் என்னால் எழுத முடியாது. மகள் அவரோடு விளையாடினாள், குளித்தாள், அவர் மடியில் நித்திரை கொண்டாள். சாப்பாட்டுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அடம் பிடித்து அழும் பிள்ளை என்றால் எனக்கு விளங்கியிருக்கும். இவள் அழவில்லை. உச்சிக்கால மணி கேட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையடிக்குப் போவாள். கதியாலில் பை இருக்கிறதா என்று பார்ப்பாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றி, சோடியாக வைத்துவிட்டு உள்ளே போவாள். நான் மூன்று நாள் லீவு எடுத்து வீட்டில் நின்றேன். மூன்று நாளும் இதுதான் நடந்தது. காலையில் பாலும் பின்னேரம் இரண்டு பிஸ்கற்றும் உள்ளே போயின. சோற்றுக்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள். மனைவி கதை சொன்னாள், கெஞ்சினாள். ஒரு தடவை கன்னத்தை அழுத்தி வாயைத் திறக்கப் பார்த்துவிட்டு, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"பசிச்சால் தின்னும்" என்று அண்ணை சொன்னார். அடுத்த நாள் வாழைப்பழமும் கற்கண்டும் கொண்டு வந்தார். மகள் கற்கண்டை மட்டும் எடுத்தாள்.

மூன்றாம் கிழமை கிளினிக். குடும்பநல உத்தியோகத்தர் எங்கள் பகுதியில் வெகுகாலமாக வேலை செய்பவர். எல்லோரும் அவரை மிஸ்ஸி என்பார்கள். தராசைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார்.

"என்ன இது? பிள்ளை இறங்கியிருக்கிறா. நல்லா ஏறிக்கொண்டெல்லோ வந்தவ. என்ன நடந்தது?"

சாப்பிடுகிறாள் இல்லை என்று மனைவி சொன்னாள்.

"முந்தி என்ன குடுத்தனீங்கள்? அதையே குடுங்கோ."

பின்னால் வரிசையில் எங்கள் ஒழுங்கைக்காரர் இரண்டு பேர் நின்றார்கள். நான் மெதுவாகச் சொன்னேன்.

"மீன்."

"அப்ப மீனைக் குடுங்கோவன்."

"நாங்கள் சைவம், மிஸ்ஸி."

"பிள்ளையும் சைவமோ?" என்று கேட்டுவிட்டு அவர் அட்டையில் எழுதத் தொடங்கினார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். மனைவி அட்டையை வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை முகத்துக்கு நேரே பார்த்தபடி வெளியே வந்தாள். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது சனிக்கிழமை மயிலிட்டிக்குப் போகவேண்டும் என்றாள். என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். சைவச் சாப்பாட்டில் நன்றாக வளர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். நானும் அண்ணையும் அப்படி வளர்ந்தவர்கள்தான். மகளின் நிறை ஏறியது மீனாலா, அந்தக் கையாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களிடம் வழியும் இல்லை, நேரமும் இல்லை.

அக்காவின் வீடு துறைமுகத்திலிருந்து சிறிது உள்ளே தள்ளி இருந்தது. சுவர் எழும்பிய அரைவீடு, முன்பக்கம் தகரம். அக்கா வாசலில் குந்தியிருந்து மகனின் வலையிலிருந்து பாசி பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்தார். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. வலைக் குவியலுக்கு மறுபக்கம் போய், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

"என்னோடை கோவமோ, குஞ்சு?"

மகள் திரும்பாமல் வலைக்கண்ணுக்குள் விரலை நுழைத்தாள்.

"ஏனாம் கோவம்?"

"நீங்கள் ஏன் வரேல்லை?"

அக்கா எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "கொம்மா வரவேண்டாம் எண்டவ."

மகள் திரும்பித் தாயைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் காய்ச்சல், பஸ் இல்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். மனைவியின் முகம் சிவந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"ஓம், நான்தான் சொன்னனான்" என்று மகளிடம் சொன்னாள். பிறகு அக்காவிடம், "திரும்பி வாங்கோ, அக்கா. கேக்கத்தான் வந்தனாங்கள்" என்றாள்.

அக்கா உடனே சம்மதிக்கவில்லை. இன்னும் கொஞ்சப் பாசியைப் பிடுங்கிப் போட்டார்.

"வாறன். ஆனால் ஒளிச்சு இனி ஒண்டும் செய்யமாட்டன். கொட்டிலுக்கையும் போகமாட்டன். மழைக்கை பிள்ளையைக் கொண்டு ஓடி ஓடி எனக்கும் களைச்சுப் போச்சு. குடுக்கிறதெண்டால் உங்கடை வளவுக்கை, எல்லாரும் பாக்க. அதுக்கு ஓம் எண்டால் திங்கள் வாறன்."

"ஓம்" என்றாள் மனைவி.

"கொண்ணையைக் கேட்டனீங்களோ, தம்பி?"

"இல்லை" என்றேன்.

"கேளுங்கோ. பிறகு என்னாலை அண்ணனும் தம்பியும் பிடுங்குப்பட வேண்டாம்."

மகள் அதற்குள் வலைக் குவியலைச் சுற்றி வந்துவிட்டாள். அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி, அவரைப் போலவே ஒரு பாசியைப் பிடுங்கி எறிந்தாள். அன்று மத்தியானம் அங்கே சாப்பிட்டாள். நாங்கள் இருவரும் ஒன்றும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒவ்வொரு துண்டாக நசித்து, முள்ளை எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். மகள் அந்த வரிசையை எண்ணிக்கொண்டே விழுங்கினாள்.

அண்ணையிடம் அன்று பின்னேரமே சொன்னோம். அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மனைவி நேராகச் சொன்னாள். எங்கள் வீட்டின் பின்பக்கம், தகரம் அடித்துத் தனி அடுப்பு; தனிச் சட்டி; செவ்வாய், வெள்ளி, விரத நாட்கள் இல்லை.

"கிணத்தடியிலை மீன் கழுவ விடமாட்டன்."

"கழுவமாட்டம், அத்தான். பைப்புத் தண்ணி எடுக்கிறம்."

"ஊர் கதைக்கும்."

"கிளினிக்கிலையே கதைச்சுப்போட்டுது."

அண்ணை வாளியைக் கவிழ்த்து வைத்தார். "பிள்ளைக்காக எண்டு நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் உங்கடை வீட்டிலை இனி நான் தண்ணி குடிக்கமாட்டன்."

"அது உங்கடை விருப்பம், அத்தான். பிள்ளை உங்கடை வீட்டை வரலாமோ?"

"அவள் வராமல்?" என்றார் அண்ணை, உண்மையான கோபத்தோடு. "என்ன கேள்வி கேக்கிறாய்?"

அவர் சொன்னபடியே நடக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முற்றத்துக் கதிரையில் இருந்து பேசிவிட்டுப் போவார். தேத்தண்ணி நீட்டுவதில்லை, நீட்டி அவரைச் சங்கடப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அவர் வீட்டில் சைவச் சோறு சாப்பிடுகிறாள். மறுக்காமல் சாப்பிடுகிறாள் என்று அண்ணி சொன்னார். எனக்கு அது சிறிய வெற்றி அல்ல. ஆனால் அண்ணையோடு ஒரே பாயில் இருந்து சாப்பிட்ட காலம் முடிந்துவிட்டது. அதையும் பதிவு செய்யவேண்டும்.

அக்கா திங்கட்கிழமை வந்தார். பின்பக்கத்தில் தகரம் அடித்து அடுப்புப் போடுவதில் அன்றைய நாள் போனது. செவ்வாய் மீன் இல்லை. புதன்கிழமை பாடசாலை விடுமுறை. அன்றுதான் எங்கள் வளவுக்குள் முதல் மீன் வந்தது. வாழையிலையில் சுற்றிய முழு விளைமீன், உள்ளங்கையிலும் கொஞ்சம் நீளம். அக்கா பின்பக்கத்தில் பலகையைப் போட்டுக் கத்தியை எடுத்தார். உரும்பிராய்ப் பெண் வேலையை விட்டு நின்றுவிட்டிருந்தார். அதற்கு நாங்கள் அவரிடம் வருத்தம் தெரிவித்திருந்தோம். மகள் மரக்குற்றியில் ஏறி இருந்தாள்.

மனைவி வந்து அக்காவுக்கு எதிரே குந்தினாள்.

"கத்தியைத் தாங்கோ. நான் வெட்டிறன்."

"உங்களுக்கேன் இந்தக் கரைச்சல், தங்கச்சி? நான் இருக்கிறன்தானே."

"நீங்கள் வராத நாளும் வரும். உங்கடை மகளுக்குப் பிள்ளை பிறந்தால் அங்கை போகோணும். உங்களுக்கு ஒரு வருத்தம் வந்தால் படுக்கோணும். அண்டைக்கு என்ரை பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருக்கேலாது."

அக்கா அவளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. தான் இல்லாத ஒரு நாளைப் பற்றி அவருக்கு முன்னாலேயே பேசியது பிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு கத்தியைத் திருப்பி, பிடியை மனைவியின் பக்கம் நீட்டினார்.

மனைவி வலது கையில் கத்தியை வாங்கினாள். இடது கையால் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண்கள் நீர் கட்டின. மீன் பலகையில் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. மரக்குற்றியில் இருந்து மகள் சிரித்தாள்.

"மூக்கைப் பொத்தினால் ஒரு கைதான் மிச்சம்" என்றார் அக்கா. "மீனுக்கு ரெண்டு கையும் வேணும், தங்கச்சி."

மனைவி மூக்கிலிருந்து கையை எடுத்தாள். மூச்சை இழுத்தாள். வாலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலை வழிக்கத் தொடங்கினாள்.